கொனாடுவின் இடது கால்

கொனாடு வருவதை நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாலும் சொல்லிவிடுவேன். வலது செருப்பு ‘டப்’ என்று விழும். இடது பக்கம் தரையோடு இழுபடும் ஓசை மட்டும்தான். டப், ஒரு இழுப்பு. டப், ஒரு இழுப்பு. மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தோடுதான் எனக்குப் பொழுது விடிந்தது. அது கேட்கக் கொஞ்சம் தாமதமானால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

அவள் என் தங்கை மகள். எங்கள் சனத்தில் தங்கை பெற்றதும் நான் பெற்றதும் ஒன்றுதான், அதற்கென்று வேறு பெயர் கிடையாது. தங்கை இறந்த பிறகு அவள் அம்மா என்று கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத பெண். காலையில் கோக்கோத் தோட்டம், மதியம் லாரி நிலையத்தில் ஃபுஃபு கடை, வேகவைத்த மரவள்ளியும் வாழைக்காயும் இடித்துக் குழம்போடு தருகிற கடை. அவள் புருஷன் ஜெபி நின்றுகொண்டு உலக்கையைப் போடுவான். இவள் உரல் பக்கத்தில் உட்கார்ந்து, உலக்கை ஏறுகிற அந்த ஒரு மூச்சுக்குள் கையை விட்டு மாவைத் திருப்பிவிடுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் பதறும். “விரலையும் சேத்து இடிச்சா குழம்புக்கு ருசி கூடும்” என்று ஜெபி சொல்வான். “அப்ப உன் மூக்கையும் போடு, அதுதான் பெருசு” என்பாள்.

அப்படிப்பட்டவளின் இடது காலில் ஒரு வியாழக்கிழமை காயம் பட்டது. கிழமை ஊருக்கே நினைவிருந்தது. வியாழன் பூமித்தாய் படுத்து ஓய்வெடுக்கும் நாள். அன்று ஓடையைத் தாண்டி யாரும் தோட்டத்துப் பக்கம் போவதில்லை, மண்ணில் கத்தி படுவதில்லை. மீறினவர்கள் ஊர்த் தலைவர் முற்றத்துக்கு ஒரு செம்மறியும் ஒரு புட்டி மதுவும் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்க வேண்டும். செம்மறிகூடப் பெரிதில்லை, வாங்கிக் கட்டிவிடலாம். பேச்சுதான் பெரிது. அந்த வருஷம் மழை தவறினாலும், எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லார் கையும் அந்த வீட்டைத்தான் காட்டும். அதனால் வியாழன் என்றால் ஊர் முழுக்க லாரி நிலையத்தில்தான் கூடும். அட்டாவின் பீர் கடையில் பாட்டில் திறக்கிற சத்தம் என் வீடு வரை கேட்கும்.

அன்று காலை கொனாடு நொண்டிக்கொண்டு வந்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை.

“அட்டா கடைக்குப் பின்னால பாட்டில் துண்டு ஏறிடுச்சும்மா.”

“துண்டு எங்க?”

“புடுங்கிப் போட்டுட்டேன்.”

வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவிக் கட்டினேன். ஜெபி குமாசி நகரத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தான். மறுநாள் வந்து விஷயத்தைக் கேட்டவன் நேராக பீர் கடைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

“ஏண்டா அட்டா, நீ பீர் விக்கிறியா, காலுக்குக் கண்ணி வைக்கிறியா?”

“அண்ணே, என் கடைப் பின்னால ஆடு மேயுது, கோழி மேயுது. ஒண்ணுக்கும் கால்ல குத்தினதில்ல.”

“அப்ப என் பொண்டாட்டி பொய் சொல்றாளா?”

அட்டா குனிந்து, தரையில் கிடந்த பாட்டில் மூடிகளைப் பொறுக்கினான். அவன் இரட்டையரில் ஒருவன், கூடப் பிறந்தவனைத் தொட்டிலிலேயே பறிகொடுத்தவன், சண்டைக்கு ஆகாதவன். அன்று சாயங்காலமே கடையின் பின்புறத்தைத் துடைப்பம் போட்டுப் பெருக்கினான். அதற்குப் பிறகு எப்போது சரக்கு எடுக்க நகரத்துக்குப் போனாலும் கொனாடுவுக்கு ஒரு சோப்புக் கட்டியும் காயம் கட்டும் துணியும் வாங்கி வருவான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். இன்னும் கோபம் தணியவில்லை போல என்று நினைத்தேன்.

காயம் மூடியது. அப்பாடா என்று இருந்தேன். வெயில் காலம் வந்ததும் அதே இடம் சிவந்து, வீங்கி, வாய் திறந்து சீழ் விட்டது. மறுபடி மூடியது. மறுபடி திறந்தது. மருந்து விற்கிறவன் கேப்சூல் மாத்திரையைப் பிரித்துப் பொடியைக் காயத்தில் தூவச் சொன்னான். தூவினோம். வைத்தியர் கொடுத்த கறுப்புப் பொடியைச் சுடச்சுட வைத்துக் கட்டினோம். மாவட்ட ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். “கண்ணாடின்னா படத்துல பளிச்சுன்னு விழும்மா. உள்ள ஒண்ணுமே இல்ல” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீரும் வரை காயம் நல்ல பிள்ளையாக இருந்தது. தீர்ந்ததும் பழைய குணம்.

பிறகு வாடை வர ஆரம்பித்தது. ஜெபியின் பழைய கால்பந்து சாக்ஸை அந்த ஒரு காலுக்கு மட்டும் மாட்டிக்கொண்டு கடையில் உட்காருவாள். லாரி ஓட்டுகிறவன் ஒருத்தன், “என்ன அக்கா, நீ மட்டும் பாதி ஆட்டம் ஆடுறியா?” என்று கேட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் அவன் அதற்குப் பிறகு எதிர்ப்புறக் கடையில்தான் சாப்பிட்டான். ஈக்களும் விடவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு சாக்ஸைத் தேடி வரும்.

தலைவர் முற்றத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். எங்கள் ஊரில் தலைவர் முன்னால் செருப்பைக் கழற்றி வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். “சாக்ஸோட நிக்க முடியாது, கழட்டவும் முடியாது” என்றாள். திருவிழாவுக்கும் போகவில்லை. கடையில் நாலு காசு பார்த்ததும் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

நடுவில் ஒரு தீர்க்கதரிசி வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டகை போட்டு, மைக்கில் ஊரெல்லாம் கேட்கும்படி ஜெபித்தார். கொனாடு போனாள். திரும்பி வந்ததிலிருந்து நான் அனுப்பும் வேர்க்கடலைக் குழம்பைத் தொடவில்லை. பானை அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் வந்தபோது பானையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

“குழம்புல என்ன குத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா. வயிறு சரியில்ல.”

“அந்த ஆளு என்ன சொன்னான், சொல்லு.”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “உன் வீட்டுல ஒரு வயசான பொம்பள உன் காலைத் தின்னுக்கிட்டிருக்கா, உப்பில்லாம தின்னுறான்னு சொன்னாரு.”

அவள் வீட்டில் வயசான பொம்பளை நான் ஒருத்திதான். எங்கள் பக்கம் சூனியக்காரி என்ற பேச்சு ஒரு கிழவிமேல் விழுந்தால் அவள் பாடு என்ன என்று எனக்குத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து, பானைக் குழம்பை அவள் எதிரில் வழித்து வழித்துச் சாப்பிட்டேன். “எனக்கு மேல ரெண்டு, கீழ மூணு பல்லுதான் இருக்கு. உன் காலைத் தின்ன எனக்கு ஏது பல்லு? தின்னாலும் உப்பில்லாமயா தின்பேன்?” என்றேன்.

அவள் அழுதாள். சிரிப்பும் சேர்ந்து வந்தது. “உன்னால இல்லம்மா. அது எனக்கே தெரியும்” என்றாள். எப்படித் தெரியும் என்று அப்போது கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போன கோக்கோ அறுவடை முடிந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கால் கணுக்கால் வரை உரல்போல வீங்கியது. ஜெபி அவளைத் தூக்கி ட்ரோட்ரோ என்கிற சவாரி வேனின் முன் இருக்கையில் வைத்தான். பின்னாலிருந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் வந்தது. நான் வாழைக்காயும் கருவாடும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போனேன். “நீங்க எதுக்கு நானா, வயசான காலத்துல?” என்று ஜெபி கேட்டான். வயதில் பெரியவர்களை எங்கள் பக்கம் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். “நான்தானே அவ காலைத் தின்றேன். மிச்சத்தையும் பாத்துட்டு வரேன்” என்றேன்.

குமாசி ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண், கடற்கரைப் பக்கத்தவள். காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவே இல்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவள் சொன்னதைக் கேட்டு மூட்டையைத் தரையில் வைத்துவிட்டேன்.

“எலும்பை அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. இப்படியே பரவினா பாதி பாதத்தை எடுக்க வேண்டி வரும். மருந்து போட்டு ரெண்டு நாள் பாக்கலாம். ஏன் மூடவே மாட்டேங்குதுன்னுதான் புரியல. உள்ள ஏறினது பாட்டில் துண்டுதானே?”

“ஆமா டாக்டர்” என்றாள் கொனாடு.

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“ஆமா.”

மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் ஆமா. பக்கத்தில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு நின்ற நர்ஸ் மன்சா எங்கள் ஊர்த் தாயரசியின் பேத்தி. தலைவரையே தேர்ந்தெடுக்கிற அம்மாவின் பேத்தி. கொனாடு டாக்டருக்குப் பதில் சொன்னாலும் பார்வை மன்சாமேல்தான் இருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். குழந்தையில் சர்க்கரையைத் திருடிவிட்டு என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை.

மதியம் வராந்தாவில் அவளை உட்காரவைத்துச் சோறு ஊட்டினேன். ஜெபி மருந்து வாங்கப் போயிருந்தான்.

“பாட்டில் எந்த நிறம்?” என்று கேட்டேன்.

“என்ன?”

“குத்தின பாட்டில். பச்சையா, பழுப்பா?”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அப்புறம் எல்லாமே வந்துவிட்டது. அந்த வாரம் கோக்கோ வெட்டி, விதைகளை வாழை இலையில் குவித்துப் புளிக்க மூடி வைத்திருந்தார்கள். குவியலைக் காலத்தில் கிளறாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். புதன்கிழமை வந்து கிளறுகிறேன் என்று போன ஜெபி சாவு வீட்டில் மாட்டிக்கொண்டான். வியாழன் காலை, கோழி கூவுமுன் எழுந்து, இவள் ஓடையைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

“மண்ணைத் தொடலம்மா. கத்தியும் எடுத்துட்டுப் போகல. குவியலை மட்டும் கிளறிட்டு ஓடி வந்தேன். யாராச்சும் பாத்துடுவாங்கன்னு வழியை விட்டுட்டு எண்ணெய்ப்பனைக்கு நடுவுல வந்தேன். மட்டை முள்ளு செருப்பைத் துளைச்சு ஏறிடுச்சு. இழுத்தேன். நுனி வரல.”

“மூணு வருஷமா அந்த நுனி உள்ளயா இருக்கு?”

“அவதான் வெச்சிருக்கா” என்று தரையைக் காட்டினாள். “பூமித்தாய்தான் புடிச்சு வெச்சிருக்கா. டாக்டர் கத்தி அவளை என்ன செய்யும்? சொன்னா ஊருக்கும் தெரியும், காலும் போகும். சொல்லலேன்னா காலு மட்டும்தான் போகும்.”

எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது, அதை மறைக்கத்தான் கோபம் என்றும் சொல்லலாம். “உன் அம்மா அந்த மண்ணுக்குள்ளதான் படுத்திருக்கா. பெத்தவ ரெண்டு அடி போடுவா. காலை வெட்டிப் போட மாட்டா” என்றேன். சொன்னேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. வியாழன் ஓடை தாண்டிய ஒருத்தியை அதே வருஷம் பாம்பு தீண்டியதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

“அட்டா சோப்பு வாங்கித் தந்துக்கிட்டே இருந்தானேம்மா” என்று முணுமுணுத்தாள்.

“நாளைக்கு டாக்டர் வரும்போது நீ சொல்லணும். இல்ல, நான் சொல்வேன். தீர்க்கதரிசியே என் வாயைக் கட்டல, நீ கட்டிடுவியா?”

அன்று ராத்திரி அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை டாக்டர் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தாள். மூன்று கட்டிலுக்கு அப்பால் இருக்கும்போதே கொனாடுவின் கை என் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டது. மன்சா கட்டைப் பிரிக்கக் குனிந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

கொனாடு முந்திக்கொண்டாள். “டாக்டர், பாட்டில் இல்ல. முள்ளு. எண்ணெய்ப்பனை மட்டை முள்ளு. வியாழக்கிழமை. ஓடைக்கு அந்தப் பக்கம். கோக்கோ கிளறப் போனேன்.” எல்லாம் ஒரே மூச்சில்.

மன்சாவின் கை கட்டுத்துணியில் அப்படியே நின்றது.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “இருங்க, இருங்க. எந்தக் கிழமைன்னு எனக்கு எதுக்கு? முள்ளா? முழுசா வந்துச்சா, உடைஞ்சுச்சா?”

“நுனி வரல.”

“அடடா. கண்ணாடியைத் தேடிக்கிட்டிருந்தோம். முள்ளு அந்தப் படத்துல விழாதே.”

கொனாடு டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழமையைக் கேட்பார்கள், ஏன் போனாய் என்பார்கள் என்று மூன்று வருஷமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தவள். அந்தக் கேள்வி வரவே இல்லை.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் தடவிப் பார்க்கிற கருவியைக் கொண்டு வந்து காலில் பசையைத் தடவினார்கள். “காலு எத்தனை மாசம்?” என்று எதிர்க்கட்டில்காரி கேட்டாள். “மூணு வருஷம்” என்றாள் கொனாடு. “அப்ப பொறக்கும்போதே நடக்கும்” என்றாள் அவள். வார்டு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திரையில் டாக்டரின் விரல் ஓர் இடத்தில் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு கோடு.

அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜெபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “சாவு வீட்டுல ரெண்டாவது நாளும் தங்கச் சொன்னாங்க நானா. நல்ல சாப்பாடு. தங்கிட்டேன்” என்றான். பிறகு, “அட்டாவை நான் என்னவெல்லாம் சொன்னேன்” என்றான். உள்ளேயிருந்து யார் வெளியே வந்தாலும் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். யாரோ வாளி எடுத்துப் போனார்கள், அதற்கும் எழுந்தோம். பாதி பாதமா, முழுப் பாதமா, அல்லது அதற்கும் மேலேயா என்று மனசு போய்க்கொண்டே இருந்தது.

டாக்டர் வந்தாள். சுண்டுவிரல் போயிற்று, அதன் கீழே அரித்த எலும்பும் போயிற்று. மீதி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தாள். உள்ளே நகத்தளவு, கறுத்து ஊறிப்போன முள். இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

கிளம்பும் நாளில் மன்சாவைத் தனியாகப் பிடித்தேன். “பாட்டிகிட்ட சொல்லிட்டியா?”

“நான் கட்டுப் போடத்தான் சம்பளம் வாங்குறேன் நானா. கதை சொல்ல இல்ல.”

அவள் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொனாடு தானே போவேன் என்றாள். செம்மறியை ஜெபி இழுத்து வர, மதுப் புட்டியை நான் தூக்கி வர, அவள் கோலை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். கூடியிருந்த அத்தனை பேரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். விரல் இல்லாத இடம், நீளமாகத் தையல் தடம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யார் வீட்டுக் காய்ச்சலை இவள்மேல் போடப் போகிறார்களோ என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயரசி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அந்தக் கோக்கோ என்ன ஆச்சு?”

கொனாடு தடுமாறினாள். “நல்லாக் காஞ்சுச்சு நானா. பூசணம் புடிக்கல.”

பெரியவர்களில் ஒருவர் இருமினார். இருமல் சிரிப்பாக மாறியது. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. அப்போதுதான் பின்னாலிருந்து அட்டா எழுந்தான்.

“பூமித்தாய்க்கு செம்மறி ஆச்சு. சரி. என் பாட்டிலுக்கு யாரு மன்னிப்புக் கேப்பா? மூணு வருஷமா கடைப் பின்னால பெருக்குறேன். கனவுலகூட பெருக்குறேன்.”

ஜெபி செருப்பில்லாத காலோடு அவனிடம் போய், எல்லார் முன்னாலும் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். தாயரசி தீர்ப்புச் சொன்னார்: அட்டா கொனாடு கடையில் சாப்பிடும்போதெல்லாம் அவன் கிண்ணத்தில் இறைச்சித் துண்டு ஒன்று கூடுதலாக விழ வேண்டும், அதுவும் பெரிய துண்டாக. அவன் அன்றிலிருந்து ஒரு வேளையும் தவறவிடவில்லை. “தோள் பக்கத்துத் துண்டு போடு, தீர்ப்புல பெருசுன்னு இருக்கு” என்று கேட்டு வாங்குகிறான்.

குப்பியிலிருந்த முள்ளைக் கொனாடு தொடமாட்டேன் என்றாள். நான் எடுத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும் என்று தோட்டத்தில் புதைக்கக் கிளம்பினேன். ஓடை வரை போன பிறகுதான் அன்று வியாழன் என்று ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை போய்த் தோண்டினேன்.

ஒரு மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் இருந்தால்தான் மூடிவிட்டது என்று நம்பலாம் என்றாள் டாக்டர். இப்போது மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் டப், ஒரு இழுப்பு என்று வருவாள். நான் பேசாமல் மணையைக் காட்டுவேன். அவள் காலைத் தூக்கி என் மடியில் வைப்பாள். நேற்று தையலின் மூலையில் ஒரு பொட்டு ஈரம்.

“குளிச்ச தண்ணிம்மா.”

விரலால் துடைத்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை.

“அப்ப நான் போகட்டுமா? உலையை வெச்சிட்டு வந்திருக்கேன்.”

“இரு” என்று துணி நுனியால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடி ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.